ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு

கையில் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்குமாறு நண்பர்களை முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். கணக்கென்றால் காத தூரம் ஓடுகின்றவர்களும் அஞ்ச வேண்டா. கழித்தல் தெரிந்தால் முக்கால் பங்கு கட்டுரை விளங்கிவிடும். எஞ்சிய கால் பங்குக்குச் சிறிது பொறுமை வேண்டும், அவ்வளவே.

நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருத்தல் கூடாது. வேறு நிபந்தனை ஏதுமில்லை. அவ்விலக்கங்களைப் பெரியது முதல் சிறியது வரை இறங்கு வரிசையில் எழுதுங்கள். பிறகு அவற்றையே சிறியது முதல் பெரியது வரை ஏறு வரிசையில் எழுதுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். வந்த விடையின் இலக்கங்களை மீண்டும் இவ்வாறே இறக்கியும் ஏற்றியும் எழுதிக் கழியுங்கள். இப்படியே செய்துகொண்டு போக வேண்டும்.

எந்த எண்ணில் தொடங்கலாம்? தமிழ் மாணவர் கூட்டத்தில் எண் என்றவுடனே 1729 நினைவுக்கு வருவது இயல்பு. நோயுற்றிருந்த இராமானுசனைக் காணச் சென்ற ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் சிறப்பில்லாத ஒன்று என்று கூற, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுவே என்று படுக்கையிலிருந்தபடியே இராமானுசன் விடையளித்த கதையை அறியாதார் நம்மில் இல்லை. அந்த எண்ணையே எடுப்போம்.

9721 − 1279 = 8442
8442 − 2448 = 5994
9954 − 4599 = 5355
5553 − 3555 = 1998
9981 − 1899 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இனி 6174ஐ இறக்கி ஏற்றிக் கழித்துப் பாருங்கள். 7641இல் 1467 போனால் மீண்டும் 6174. எத்தனை முறை கழித்தாலும் அங்கிருந்து அசைவில்லை. நீங்கள் எடுத்த எண் வேறாக இருந்தாலும் வந்து சேர்ந்த இடம் இதுவாகவே இருக்கும். ஏழு கழித்தலுக்குள் வந்து சேரவில்லையென்றால் எங்கோ கடன் வாங்குவதில் தவறியிருக்கிறீர்கள்.

இந்த விளையாட்டை எனக்குக் காட்டியவர் விடுதியில் என் பக்கத்து அறை நண்பர். இரவுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருந்தபோது, "ஒரு நாலிலக்க எண் சொல்லும்" என்றார். அப்போது நான் கணிதத்தில் சிறிது கர்வம் கொண்டிருந்தவன். இதெல்லாம் சந்தைக் கடையில் செப்படி வித்தை காட்டுகின்றவன் வேலை என்று எண்ணிக்கொண்டு, அவரை மடக்குவதற்காகவே 2111 என்ற எண்ணைச் சொன்னேன். 2111இல் 1112 போனால் 999. மூன்றும் ஒன்பது, இறக்கினாலும் ஏற்றினாலும் 999தான், கழித்தால் சுழியம். "எங்கே உம்முடைய 6174?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் உரக்கக் கேட்டேன். அவர் சிறிதும் கலங்கவில்லை. "நாலிலக்கம் என்றேனே, முன்னாலே உள்ள சுழியத்தை யார் சாப்பிட்டது?" என்றார். 0999 என்று எழுதினால் 9990 − 0999 = 8991; அதிலிருந்து 8082, 8532, பின்பு 6174. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் மிகையாகும். இரசம் மட்டும் சற்றுக் காரமாக இருந்ததாக நினைவு.

தோற்றவனுக்குத் தத்துவம் தோன்றும் என்பார்கள். எனக்கும் தோன்றிற்று. இது கணிதமே அன்று என்று வாதித்தேன். என் பக்கம் சாட்சிக்கு நின்றவர் சாதாரண ஆள் அல்லர், அதே ஹார்டி. 1940இல் வெளிவந்த 'ஒரு கணித அறிஞனின் தன்விளக்கம்' என்ற தம் நூலில் 8712, 9801 என்ற இரு எண்களை அவர் எடுத்துக்காட்டுகிறார். தலைகீழாகத் திருப்பி எழுதினால் வரும் எண்ணின் மடங்காக அமைகின்ற நாலிலக்க எண்கள் இவ்விரண்டே: 8712 என்பது 2178ஐப் போல நான்கு மடங்கு, 9801 என்பது 1089ஐப் போல ஒன்பது மடங்கு. இவை செய்தித்தாளின் புதிர்ப் பகுதிக்கு ஏற்ற வேடிக்கைகளே தவிரக் கணிதனின் உள்ளத்தைத் தொடுவன அல்ல என்பது அவர் தீர்ப்பு. காரணமும் வெளிப்படை. இலக்கங்களைத் திருப்புவதும் அடுக்குவதும் எண்ணுக்கு நாம் அணிவித்த சட்டையைப் பற்றிய செய்திகளே. உள்ளிருக்கும் உடலைப் பற்றியவை அல்ல. நம் கைகளில் பத்து விரல்கள் இருப்பதால் பத்தின் அடிப்படையில் எண்ணுகிறோம். எட்டு விரல் இருந்திருந்தால் 6174ஐ யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வாதம் வலிமையானது என்று இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முழு உண்மை அன்று என்பதை அறிய எனக்குச் சில நாட்கள் ஆயின. அதைச் சொல்லுமுன் இந்த எண்ணைக் கண்டவரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

தத்தாத்ரேய இராமச்சந்திர கப்ரேக்கர் 1905இல் மராட்டியப் பகுதியில் உள்ள தகாணு என்ற ஊரில் பிறந்தவர். தந்தைக்குச் சோதிடத்தில் மிகுந்த ஈடுபாடு. சோதிடத்துக்குக் கணக்கு வேண்டுமாதலால் மகனுக்குச் சிறு வயதிலேயே கணக்கில் பழக்கம் உண்டாயிற்று. புனேயில் பெர்குசன் கல்லூரியில் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். மேற்பட்டம் இல்லை. நாசிக்குக்கு அருகில் உள்ள தேவ்லாலி என்ற ஊரில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். மும்பையிலிருந்து நாசிக்குப் பக்கம் இரயிலில் போகும் நம் மாணவர்கள் தேவ்லாலி நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். இனிமேல் பார்க்கும்போது இவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயர்கள் மீது அவருக்கும் விருப்பம் இருந்தது. ஒரு வகை எண்களுக்குத் தேவ்லாலி எண்கள் என்றே பெயரிட்டார். டோம்பிவிலி இரயில் நிலையத்தில் தமக்குத் தோன்றிய வேறொரு வகைக்கு அந்நிலையத்தின் பெயரால் 'டெம்லோ' எண்கள் என்று பெயர் வைத்தார். இரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை நாமெல்லாம் தேநீர் குடித்துக் கழிக்கிறோம்! தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு மகிழ்ச்சி தருவது என்ற பொருள்பட 'ஹர்ஷத்' என்று வடமொழிப் பெயர் சூட்டியவரும் அவரே. 45ஐ வர்க்கப்படுத்தினால் 2025. அதை 20, 25 என்று பிளந்து கூட்டினால் மீண்டும் 45. இத்தகைய எண்கள் இன்று கப்ரேக்கர் எண்கள் என்றே வழங்குகின்றன.

6174இன் தன்மையை அவர் 1946இல் கண்டார். 1949இல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் அதை அறிவித்தார். ஆகவே இந்த எண் உலகத்தாரிடம் முதலில் பேசிய இடம் நம் சென்னை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால் அக்காலத்து இந்தியக் கணித அறிஞர் பலர் அவருடைய ஆராய்ச்சிகளைப் பொருட்படுத்தவில்லை; சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைத்தவர்களும் உண்டு. அவர் தம் கண்டுபிடிப்புகள் பலவற்றைச் சிறு சிறு நூல்களாகத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1975இல் அமெரிக்காவில் மார்ட்டின் கார்ட்னர் தம் புகழ்பெற்ற இதழ்ப் பகுதியில் எழுதிய பின்னரே அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. அப்போது அவருக்கு எழுபது வயது. 1986இல் மறைந்தார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உறுத்திற்று. அவரை நோக்கி நகைத்த அறிஞர்கள் சொன்னதையே நானும் சாப்பாட்டு வரிசையில் நின்று சொல்லியிருக்கிறேன். அதிலும் அவர்களாவது அறிஞர்கள். நானோ சுழியத்தை விழுங்கியவன். நகைப்பதானால் காரணத்தைக் கண்ட பிறகு நகைப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

வழி இரண்டு உண்டு. நான்கும் ஒன்றாக உள்ள பத்தை நீக்கினால், 0001 முதல் 9998 வரை மொத்தம் 9990 எண்கள். கணினியிடம் விட்டால் கண் மூடித் திறப்பதற்குள் அத்தனையையும் சோதித்து, எல்லாம் 6174இல் முடிகின்றன என்று சொல்லிவிடும். அது உண்மைதான். ஆனால் ஏன் என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த 'ஏன்'. ஆகவே தாளிலேயே செய்தேன். இனி வருவதை என் கண்டுபிடிப்பு என்று நான் உரிமை கொண்டாடவில்லை. எனக்கு முன் பலர் இவ்வழியில் நடந்திருப்பர். நடந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி மட்டும் என்னுடையது.

இலக்கங்களை இறங்கு வரிசையில் அ, ஆ, இ, ஈ என்று கொள்வோம். பெரிய எண்ணில் அ ஆயிரத்தின் இடத்திலும் ஈ ஒன்றின் இடத்திலும் நிற்கின்றன. சிறிய எண்ணில் இடம் மாறி நிற்கின்றன. கழித்தால் அ−ஈ என்ற வேறுபாடு 999 முறையும், ஆ−இ என்ற வேறுபாடு 90 முறையும் வரும். அவ்வளவுதான்! விடை நான்கு இலக்கங்களையும் சார்ந்தது அன்று. இரண்டு வேறுபாடுகளை மட்டுமே சார்ந்தது. ஓரத்து இலக்கங்களின் வேறுபாட்டைப் புறவேறுபாடு என்றும், நடுவில் உள்ளவற்றின் வேறுபாட்டை உள்வேறுபாடு என்றும் அழைப்போம். 1729இல் இலக்கங்கள் 9, 7, 2, 1. புறவேறுபாடு 8, உள்வேறுபாடு 5. கப்ரேக்கர் சென்னையில் அறிவித்த ஆண்டாகிய 1949ஐ எடுங்கள்: 9, 9, 4, 1, புறத்தில் 8, உள்ளே 5. ஆகவே 9941இல் 1499 போனாலும் அதே 8442தான். இராமானுசன் எண்ணும் அந்த ஆண்டும் முதற்படியிலேயே கைகோத்துக்கொள்கின்றன.

புறவேறுபாடு 1 முதல் 9 வரை இருக்கலாம். உள்வேறுபாடு சுழியம் முதல் புறவேறுபாடு வரை இருக்கலாம். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 இணைகள். 9990 எண்கள் ஒரே மூச்சில் 54 ஆகச் சுருங்கிவிட்டன. இந்த இடத்தில் நான் எழுந்து ஒரு முறை தாழ்வாரத்தில் உலவிவிட்டு வந்தேன்.

அடுத்தது, கழித்து வந்த விடையின் இலக்கங்கள் யாவை என்பது. புறவேறுபாட்டைப் ப என்றும், உள்வேறுபாட்டை உ என்றும் குறிப்போம். உ சுழியமாக இல்லாதவரை, விடையின் நான்கு இலக்கங்களும் முறையே ப, உ−1, 9−உ, 10−ப என வரும். 1729க்கு ப 8, உ 5. இலக்கங்கள் 8, 4, 4, 2. சரியாக இருக்கிறது. இந்த நான்கையும் உற்றுப் பாருங்கள். முதலும் கடையும் சேர்ந்தால் எப்போதும் 10. நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்தால் எப்போதும் 8. அதாவது, ஓரத்து இரண்டும் 5ஐ நடுவாகக் கொண்டு இருபுறமும் சம தூரத்தில் நிற்கின்றன. நடு இரண்டும் 4ஐ நடுவாகக் கொண்டு சம தூரத்தில் நிற்கின்றன. தராசின் இரு தட்டுகள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூரம் எவ்வளவு? ஓரத்து இலக்கங்களுக்கு, 5இலிருந்து ப எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு. நடு இலக்கங்களுக்கு, 5இலிருந்து உ எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு. இரண்டுக்கும் அளவுகோல் 5தான் என்பது எதிர்பாராத வசதி. இவ்விரண்டு தூரங்களையும் விலகல்கள் என்போம். இனி விடையின் இலக்கங்களை அடுக்கிப் புதிய வேறுபாடுகளைக் காண்பது மிக எளிது. விலகல்கள் இரண்டும் வேறு வேறாக இருந்தால், பெரிய விலகலின் இரட்டிப்பு புதிய புறவேறுபாடு; சிறிய விலகலின் இரட்டிப்பு புதிய உள்வேறுபாடு. விலகல்கள் இரண்டும் ஒன்றாகவே இருந்தால், இரட்டித்து ஒன்று கூட்டினால் புறவேறுபாடு, ஒன்று குறைத்தால் உள்வேறுபாடு. (விலகல் இரண்டும் சுழியமாக இருக்கும்போது மட்டும் இரண்டு வேறுபாடும் 1.)

உ சுழியமானால் தனிவழி. அப்போது விடையின் இலக்கங்கள் ப−1, 9, 9, 10−ப. முதலும் கடையும் சேர்ந்து 9. அவ்விரண்டில் சிறியது எதுவோ அதுவே புதிய உள்வேறுபாடு. அதை 9இலிருந்து கழித்தால் புதிய புறவேறுபாடு.

இவ்வளவு சட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த இணை தன்னையே மீண்டும் பெறுகிறது? 6, 2 என்ற இணையைப் பாருங்கள். 5இலிருந்து 6இன் விலகல் 1. 2இன் விலகல் 3. பெரியதை இரட்டித்தால் 6. சிறியதை இரட்டித்தால் 2. மீண்டும் 6, 2! 999ஐ ஆறு முறையும் 90ஐ இரண்டு முறையும் கூட்டினால் 5994 + 180 = 6174. ஒன்றின் விலகல் மற்றொன்றைப் பெறுகிறது. அதனால் இரண்டும் நிலைபெறுகின்றன.

ஆனால் எல்லா எண்களும் இங்கேதான் வர வேண்டும் என்பதற்கு இது போதாது. நடுவில் எங்கேனும் சில இணைகள் தமக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா? விலகல் 0 முதல் 4 வரையே இருக்க முடியும். ஆகவே இரண்டு விலகல்களை வரிசை பாராமல் எடுக்கும் வழிகள் 15. உ சுழியமாக உள்ள தனிவழியிலிருந்து வருவன 5. ஆக, ஒரே ஒரு கழித்தலுக்குப் பின் உயிரோடிருக்கும் இணைகள் இருபதே. இருபதையும் சட்டப்படி பின்தொடர்ந்தால் இப்படி ஓடுகின்றன:

6,0 → 5,4 → 2,0 → 8,1 → 8,6 → 6,2
8,0 → 7,2 → 6,4 → 3,1 → 8,4 → 6,2
8,2 → 7,5 → 4,0 → 6,3 → 4,2 → 6,2

மூன்று ஆறுகள். எஞ்சிய நான்கு இணைகள் இவற்றில் வந்து விழும் ஓடைகள்: 9,0 என்பது 8,1இல் விழுகிறது, 5,3 என்பது 4,0இல் விழுகிறது, 1,1 என்பது 9,7 வழியாக 8,4இல் விழுகிறது. எண்ணிப் பாருங்கள், இருபதும் வந்துவிட்டன. எதுவும் சுழலில் சிக்கவில்லை. எல்லாம் 6,2 என்ற கடலில்தான் கலக்கின்றன.

ஏழு கழித்தல் என்ற கணக்கும் இங்கேயே கிடைக்கிறது. முதற் கழித்தல் நம்மை இந்த இருபதில் ஒன்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆற்றின் தலையில் விழுந்தால் ஐந்து அம்புக்குறிகளைக் கடந்து 6,2ஐ அடைய ஐந்து கழித்தல். 6,2 என்ற வேறுபாடுகள் உள்ள எண் கைக்கு வந்ததும் இன்னும் ஒன்று, அப்போது 6174. ஒன்றும் ஐந்தும் ஒன்றும் ஏழு. 1729 முதல் ஆற்றின் தலையிலேயே போய் விழுகிறது; அதனால்தான் முழு ஏழு படிகளும் அதற்கு வேண்டியிருந்தன. இராமானுசன் பிறந்த 1887ஐ முயன்று பாருங்கள். 7083, 8352, 6174 என்று மூன்றே படி.

நான்கு இலக்கத்தோடு ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். மூன்று இலக்கங்களில் 495 என்ற எண் இதே வேலையைச் செய்கிறது. அதன் காரணம் மிக எளிது, விடுதிக்குப் போகும் வழியிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு இலக்கங்களில் நிலைத்த எண் இல்லை. 09, 81, 63, 27, 45 என்று ஐந்தும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன. ஐந்து இலக்கங்களிலும் நிலைத்தது ஒன்றும் இல்லை. மூன்று சுழல்கள் உண்டு. அவற்றுள் சிறியது 53955, 59994 என்ற இரண்டும் மாறி மாறி வருவது. ஆறு இலக்கங்களில் 549945, 631764 என்று இரண்டு எண்கள் நிலைத்து நிற்கின்றன. இவையன்றி ஒரு சுழலும் உண்டு. ஆகையால் எல்லா எண்களையும் ஒரே இடத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஆற்றல் எந்த நீளத்துக்கும் தானாக வந்துவிடுவதில்லை. நான்கு இலக்கத்தில் அது அமைந்திருப்பதை நான் இப்போது மதிப்போடு பார்க்கிறேன்.

இனி ஹார்டியிடம் திரும்புவோம். மேலே நான் சொன்ன நிறுவலில் 9, 10, 5, 4 என்றெல்லாம் வந்த எண்கள் அனைத்தும் பத்து என்ற அடிப்படையிலிருந்து வந்தவை. அந்த அளவில் அவர் சொன்னது சரியே. இது சட்டையைப் பற்றிய கணிதம்தான். ஆயினும் அந்தச் சட்டையின் நெசவைப் பிரித்துப் பார்த்தபோது அங்கே இருந்தது செப்படி வித்தை அன்று, சமச்சீர். 9990ஐ 54 ஆக்கி, 54ஐ 20 ஆக்கி, இருபதை ஒன்றாக்கும் சிந்தனை வேறு எந்தக் கணிதத்துக்கும் இழிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புதிர் புதிராகவே இருக்கும்வரை புதிர்ப் பகுதிக்கு உரியது. காரணம் தெரிந்தபின் அதற்கு அங்கே இடமில்லை. இது என் கருத்து; ஹார்டியோடு வாதிடும் தகுதி எனக்கு இல்லை என்பது தெரிந்தும் சொல்கிறேன்.

அவரும் மறுக்க முடியாத ஒன்று இந்த எண்ணில் உண்டு. 6174இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. 6174ஐ 18ஆல் வகுத்தால் மீதியின்றி 343 வரும். ஆகவே கப்ரேக்கர் பெயரிட்ட மகிழ்ச்சி தரும் எண்களில் இதுவும் ஒன்று. 343 என்பது 7இன் கனம். அதோடு நில்லாமல்,

18 + 324 + 5832 = 6174

என்று கூட்டிப் பாருங்கள். 324 என்பது 18இன் வர்க்கம். 5832 என்பது 18இன் கனம். 18ஆல் வகுத்து எழுதினால், ஒன்று, பதினெட்டு, பதினெட்டின் வர்க்கம் இம்மூன்றும் சேர்ந்து ஏழின் கனம் ஆகிறது. ஒன்றோடு ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் ஒரு முழு எண்ணின் கனம் கிடைப்பது எப்போது? ஒன்று முதலாகிய எண்களில் தேடினால் 18 ஒன்றுக்கே அது வாய்க்கும். வேறு எந்த எண்ணுக்கும், எவ்வளவு பெரியதாயினும், வாய்க்காது. நார்வே நாட்டுக் கணிதர்களான நாகெல், லியுங்கிரென் ஆகியோரின் ஆராய்ச்சிகளால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இது நிறுவப்பட்டது. இதற்கும் விரல்களுக்கும் தொடர்பில்லை. எட்டு விரல் உள்ளவனும் பன்னிரண்டு விரல் உள்ளவனும் இதே உண்மையைத்தான் காண்பான். 343 அவர்கள் கையெழுத்தில் வேறு விதமாக இருக்கும். ஏழின் கனமாக இருப்பது மாறாது. கழித்தல் விளையாட்டில் நிலைத்து நிற்பதற்கும், 18இன் அடுக்குகளின் கூட்டாக அமைவதற்கும் உள்ளே உறவு ஏதும் இருப்பதாக எனக்குப் புலப்படவில்லை. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு குடித்தனக்காரர்கள் போல அவை தோன்றுகின்றன.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு பக்கத்து அறை நண்பரிடம் போனேன். அவர் மூன்று ஆறுகளையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கப்ரேக்கர் பிறந்த 1905ஐயும் மறைந்த 1986ஐயும் எழுதிக் கழிக்கத் தொடங்கினார். 9510இல் 0159 போனால் 9351. 9531இல் 1359 போனால் 8172. மற்றொன்றில், 9861இல் 1689 போனால் அதே 8172! அதன்பின் இரண்டும் 7443, 3996, 6264, 4176 என்று மூன்றாம் ஆற்றில் ஒன்றாகவே சென்று 6174இல் சேர்ந்தன. "அவர் தகப்பனார் சோதிடம் பார்ப்பவர் என்றீரே, இதற்கு என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டார். உள்ளவை இருபதே வாய்க்கால்கள், எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்தாலும் விரைவில் சந்தித்தே தீரும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல் தம் பிறந்த ஆண்டை எழுதிக்கொண்டிருந்தார்.